பிராங்கைட்டிஸும் மூச்சு வாங்குதலும்: நெபுலைசர் நாற்காலியில் கேட்ட கேள்விகள்

திருப்பூர் பக்கம் ஒரு சின்ன நெஞ்சக மருத்துவமனையில் நான் நர்ஸ். நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கி முகமூடி வழியே இழுக்க வைக்கும் மெஷின்) வைத்தால் மருந்து தீர எட்டு, பத்து நிமிடம் ஆகும். டாக்டரிடம் கேட்க மறந்ததையும் கேட்கக் கூச்சப்பட்டதையும் மக்கள் அந்த நேரத்தில்தான் என்னிடம் கேட்பார்கள். முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு (தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், மருந்தெல்லாம் காற்றோடு போய்விடும்). ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால் நோட்டில் குறித்து வைத்தேன். எங்கள் டாக்டர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சீட்டுல பிராங்கைட்டிஸ்னு எழுதியிருக்காங்க. அது வெறும் சளிதானுங்களே சிஸ்டர்?

கிட்டத்தட்ட சளியின் அடுத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து, மரக்கிளை மாதிரி மேலும் மேலும் பிரிந்துகொண்டே போகும். அந்தக் கிளைக்குழல்களின் உள்தோல் வீங்கிப் புண்ணானால் அது பிராங்கைட்டிஸ். பெரும்பாலும் ஜலதோஷத்தைக் கொண்டுவரும் அதே வைரஸ்கள்தான் மூக்கிலிருந்து இறங்கி இதையும் செய்கின்றன.

இதில் இரண்டு வகை உண்டு. திடீரென வந்து சில வாரத்தில் போய்விடுவது ஒன்று. மற்றது நாட்பட்டது: வருடத்தில் குறைந்தது மூன்று மாதம் சளியோடு இருமல், அதுவும் தொடர்ந்து இரண்டு வருடம், வேறு காரணம் எதுவும் இல்லாமல் இருந்தால் அந்தப் பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கதை. கீழே எந்த வகையைப் பற்றிச் சொல்கிறேன் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

சளி கட்டினா இருமல் வரட்டும். மூச்சு எதுக்குங்க வாங்குது?

குழல் சுருங்குவதால்தான். உள்தோல் வீங்குகிறது, கோழை அடைக்கிறது, குழலைச் சுற்றியுள்ள தசையும் சிலருக்கு இறுகிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து காற்று போகும் வழியைக் குறுக்குகின்றன. இளநீர் ஸ்ட்ராவைப் பாதி நசுக்கிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். குழலின் விட்டம் பாதியானால் அதன் வழியே காற்றைத் தள்ளுவது இரண்டு மடங்கு கஷ்டமாகும் என்று நாம் நினைப்போம். சீராக ஓடும் காற்றுக்குக் கணக்குப் போட்டால் தடை பதினாறு மடங்கு ஏறுகிறது! கொஞ்சம் வீக்கம் ஏன் அவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

இன்னொன்று. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழலும் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும். அதனால் அடைப்பு உள்ளவர்களுக்கு மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம். அப்போதுதான் அந்த விசில் சத்தம், நாம் வீசிங் என்றும் இளைப்பு என்றும் சொல்வது, கேட்கும்.

அப்போ நெஞ்சுச்சளி வந்த எல்லாருக்கும் மூச்சு வாங்குமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். இல்லை. வேறு எந்தக் கோளாறும் இல்லாத பெரியவருக்குச் சாதாரண பிராங்கைட்டிஸ் வந்தால் இருமல்தான் பெரிய தொந்தரவு. ஒரு மூச்சு இருமி முடித்ததும் கொஞ்சம் இரைக்கும், மாடி ஏறினால் வழக்கத்தைவிட வாங்கும், இருமி இருமி விலா வலிக்கும். அவ்வளவோடு நின்றுவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், சட்டை மாட்டுவதற்குள் இரைத்தால், 'சளிதானே' என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். அடியில் வேறொன்று இருக்க வாய்ப்பு அதிகம். தெரியாமலே இருந்த ஆஸ்துமா, பல வருடப் புகையால் வந்த சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, இதயப் பலவீனம், நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்ட இரத்தக்கட்டி, ஏன், நம் பெண்களில் பலருக்கு இருக்கும் இரத்தசோகைகூட இருக்கலாம். இருமல் சத்தம் ஊரைக் கூட்டும். ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது மூச்சைத்தான்.

எவ்வளவு வாங்கினா பயப்படணும்? கணக்கு ஏதாச்சும் இருக்குதா?

இருக்கிறது, கடிகாரம் போதும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்; 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பு வரும். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். நாங்கள் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணால் நெஞ்சை எண்ணுவோம். நீங்களும் அப்படியே செய்யலாம்.

ஓய்விலும் 25-ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 30-ஐத் தொட்டால், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசினால், கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுத்தால், ஆள் குழம்பிப் பேசினாலோ தூங்கி வழிந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். உதடு நீலமாவதைப் பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்துக்கு வெளி உதட்டில் அது சரியாகத் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். திடீரென ஒரு பக்க நெஞ்சு குத்தலோடு மூச்சு முட்டுவதும், இருமலில் இரத்தம் வருவதும் காத்திருக்கக் கூடியவை அல்ல.

ஆக்சிமீட்டர்ல 97 காட்டுது. அப்புறம் ஏன் எனக்கு மூச்சு வாங்குது?

கொரோனா சமயத்தில் வாங்கிய அந்தக் கருவி இன்னும் பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. அது இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். அதைக் கொண்டுவர உங்கள் உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லாது. குழல் சுருங்கியவர் இரண்டு மடங்கு பாடுபட்டு 97-ஐத் தக்கவைத்துக்கொண்டிருக்கலாம். களைத்துப் போகும்போதுதான் எண் இறங்கும். அதனால் 97-ஐப் பார்த்து நிம்மதி அடையும் முன் மேலே சொன்ன மாதிரி மூச்சை எண்ணுங்கள்.

சாதாரணமாக 95-க்கு மேல் நல்லது. அதற்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், 92-க்குக் கீழ் என்றால் உடனே கிளம்புங்கள். சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு மட்டும் இலக்கே வேறு, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

சளி பச்சையா வருது. அசித்ரோமைசின் மூணு நாள் போட்டா நின்னுடுமில்ல?

பச்சை நிறம் பாக்டீரியாவின் கொடி அல்ல. கிருமியோடு சண்டை போடும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் வந்தாலும் பச்சை வரும். வைரஸை ஆன்ட்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

மருந்துக்கடையில் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுக் குணமான கதை எல்லோரிடமும் இருக்கிறது. அது தானாகவே குணமாகும் நேரம் வந்திருக்கும். சராசரியாக இந்த இருமல் பதினெட்டு நாள்போல இழுக்கும், மூன்று வாரம் போனாலும் அதிசயமில்லை. ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் இத்தனை மாத்திரை விற்கிறது. நிமோனியா, கக்குவான், சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சும் சளியும் சேர்ந்து மோசமாவது, இதற்கெல்லாம் ஆன்ட்டிபயாட்டிக் வேண்டும்தான். அதை நெஞ்சைக் கேட்டுப் பார்த்தவர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிடுவதுதான் முறை. அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். இருந்தால் சீக்கிரம் தெரிந்தது லாபம்.

இன்ஹேலர் எடுத்தா பழக்கமாயிடும், விடவே முடியாதுன்னு சொல்றாங்களே. மாத்திரையாவே குடுத்துடுங்க சிஸ்டர்.

வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்பேன். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இன்ஹேலர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு அம்மா அழுதே விட்டார். கணக்கைப் பாருங்கள். இறுகிய குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்து, இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், இரண்டு அழுத்தினால் 200. அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இருபது மடங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, கை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, அப்புறம்தான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராக வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே போகிறது. எது 'ஸ்ட்ராங்' என்று இப்போது சொல்லுங்கள்.

பழக்கமாவது என்று நாம் சொல்வது உண்மையில் நோய் தொடர்வதைத்தான். கண்ணாடி போடுவதால் கண் கெடுவதில்லையே. ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ இருந்தால் மருந்து தொடரும். வெறும் பிராங்கைட்டிஸோடு வந்த வீசிங் என்றால் சில நாளில் நிறுத்திவிடுவார்கள். வீசிங்கே இல்லாத இருமலுக்கு இன்ஹேலரால் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடுக்கும் விதம்தான் முக்கியம். நான் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வாய்க்குள் ஸ்ப்ரே அடித்துக்கொள்கிறார்கள். குலுக்குங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், அழுத்திக்கொண்டே மெதுவாக இழுங்கள், பத்து எண்ணும்வரை அடக்குங்கள். இழுப்பதும் அழுத்துவதும் சேரவில்லையா, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

நெபுலைசர் வச்சா நல்லாயிருக்குது, ராத்திரி திரும்ப வந்துடுது. வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கிடட்டுங்களா?

அதில் போடும் சால்பியூட்டமாலின் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரம். இறுகிய தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் ராத்திரி திரும்ப வருகிறது. ஸ்பேசரோடு எடுத்த இன்ஹேலரும் நெபுலைசரும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே பலனைத்தான் தரும். புகை வருகிறது, சத்தம் வருகிறது என்பதால் மெஷின்மேல் மதிப்பு.

வீட்டில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சிலருக்கு டாக்டரே எழுதுவார். ஆனால் நான் பார்த்த மோசமான கேஸ்களில் சில, வீட்டில் மெஷின் இருந்ததால் இரண்டு நாள் தள்ளிப் போட்டு வந்தவை. நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் மருந்து தாக்குப்பிடிக்கவில்லை என்று அர்த்தம். கிளம்பி வாருங்கள்.

டெரிஃபிலின் ஊசி ஒண்ணு போட்டா அப்பவே சரியாயிடும். நீங்க ஏன் போட மாட்டேங்கறீங்க?

அதில் உள்ள தியோஃபிலின் வகை மருந்துக்குப் பலன் தரும் அளவும் விஷமாகும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வாந்தி, நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாவது, வலிப்புவரை போகும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்ட்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறும். இன்ஹேலரும் நெபுலைசரும் இருக்கும்போது அவசரத்துக்கு இதை முதலில் எடுக்க எந்த அவசியமும் இல்லை.

எங்கம்மா பீடி சிகரெட் கையில தொட்டதில்லைங்க. அவங்களுக்கு எப்படி நுரையீரல் அடைப்பு?

அம்மாவுக்கு எத்தனை வருடம் விறகடுப்பு என்று கேட்பேன். முப்பது, முப்பத்தைந்து என்று பதில் வரும். ஜன்னல் இல்லாத சமையலறையில் தினம் மூன்று மணி நேரம் குனிந்து ஊதியிருக்கிறார்கள். சிகரெட் பிடித்தவரின் குழலில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. கேஸ் வந்து பல வருடம் ஆனபின்னும் பழைய சேதம் அப்படியே இருக்கும்.

கொசுவர்த்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில்தான் தூங்குகிறோம். வலை கட்டுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு காரணம் பஞ்சு. நூல் மில்லில் வேலை பார்ப்பவர்கள், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது, வாரம் போகப் போகச் சரியாகிறது என்பார்கள். அதைச் 'சளி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது பிசினோசிஸ் என்கிற பஞ்சுத்தூசி நோயின் அடையாளம். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இது இருந்தது. வருடக்கணக்கில் விட்டால் எல்லா நாளும் முதல் நாள் மாதிரி ஆகிவிடும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இவர்களுக்கெல்லாம் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் குழல் அடைத்திருக்கலாம்.

படுத்தா மூச்சு முட்டுது, எந்திரிச்சு உக்காந்தா சரியாகுது. இதுவும் சளிதானுங்க?

இந்த வாக்கியத்தைக் கேட்டால் நான் உடனே காலைப் பார்ப்பேன். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று. இதயம் பலவீனமானால் நீர் நுரையீரலில் தேங்கும். படுத்தால் அது அதிகமாகும். ராத்திரி இரண்டு மணிக்குத் திணறி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பார்கள். இருமலும் வரும், வீசிங்கும் வரும், அதனால்தான் ஏமாந்து போகிறோம். முன்பு ஒரு தலையணை, இப்போது மூன்று என்றால் அதையும் சொல்லுங்கள். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்காமல் மூன்றாவது பாட்டில் டானிக் வாங்காதீர்கள்.

பிபி மாத்திரைக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்குதா?

சிலதுக்கு இருக்கிறது. எனாலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும், மூச்சு வாங்காது. புரோப்ரனலால் போன்றவை ஆஸ்துமா உள்ளவருக்குக் குழலை இறுக்கிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள்; மாற்று மருந்து இருக்கிறது.

குழந்தைக்கு நெஞ்சு கர்ர்கர்ருங்குது. பயப்படணுமா?

சத்தத்தை விடுங்கள், சட்டையைக் கழற்றிப் பாருங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு, அன்றே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ பால் குடிக்க முடியாமல் போனாலோ அவசரம். இரண்டு வயதுக்குள் உள்ளவர்களுக்கு இன்னும் சின்னக் குழல்கள் அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர். ஸ்ட்ரா கணக்கை நினைத்துப் பாருங்கள்: குழந்தையின் குழல் ஏற்கெனவே சிறியது.

கடையில் இருமல் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப்பால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கலப்படம் இல்லாத சிரப்பும் சின்னக் குழந்தைகளுக்குப் பயன் தருவதில்லை. ஒரு வயது தாண்டியவர்களுக்கு ஒரு ஸ்பூன் தேன் இருமலை அடக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தை நெஞ்சில் தடவுவதும் வேண்டாம், வலிப்பு வரக்கூடும்.

ஆவி பிடிக்கலாமா? பால், தயிர், வாழைப்பழம் நிறுத்தணுமா?

ஆவி மூக்கடைப்புக்கு இதம், கிளைக்குழல்வரை போகாது. கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பால் சளியை உண்டாக்காது. பிடித்ததைச் சாப்பிடுங்கள். தூதுவளை ரசம் குடித்தால் தொண்டைக்கு நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும்.

சிகரெட்டை விட்டு ஒரு மாசம் ஆச்சு. இப்பத்தான் இருமல் ஜாஸ்தி. திரும்பப் பிடிச்சா நிக்குமா?

குழலின் உள்ளே கோழையை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் உண்டு. புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. இப்போது எழுந்து வேலை செய்கின்றன, தேங்கியது வெளியே வருகிறது. சில வாரத்தில் அடங்கும். மூச்சு வாங்குவதும் சேர்ந்து கூடினால் அது வேறு விஷயம், வந்து காட்டுங்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் என்ன பண்றது?

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கை இரண்டையும் தொடையிலோ மேஜையிலோ ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடட்டும். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு. முகத்தில் ஃபேன் காற்று படட்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். டாக்டர் கொடுத்த நீல இன்ஹேலர் (சால்பியூட்டமால்) இருந்தால் அதை எடுக்கலாம். மருந்துச்சீட்டு, மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பேசாம வீட்லயே ஆக்சிஜன் வச்சுக்கிட்டா என்ன?

ஆக்சிஜன் மூச்சுத்திணறலுக்கான மருந்து அல்ல, ஆக்சிஜன் குறைவுக்கான மருந்து. 97 காட்டுபவருக்கு வைத்தால் ஒன்றும் மாறாது. சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு அதிகமாக வைத்தால் கரியமில வாயு உடம்பில் தேங்கி, ஆள் மெல்லத் தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். அதனால் அவர்களுக்கு நாங்கள் 88 முதல் 92 வரைதான் வைப்போம். 90 காட்டுகிறதே என்று சொந்தக்காரர்கள் யாரோ குழாயைத் திருகிக் கூட்டிவிட்டுப் போன சம்பவம் எங்கள் வார்டிலேயே நடந்திருக்கிறது.

வீட்டில் தேவைப்படுவோர் உண்டு. உடம்பு தேறி அமைதியாக இருக்கும்போதும் ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு, இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்படி வைத்தால் அந்த அறையில் பீடி, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. சாமி விளக்கையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.